நெடுந்தூரம் ஓட்டுவதற்காக என் பைக் சீட்டை நானே செதுக்கிய விதம்

என் பைக் சீட்டை இதுவரை மூன்று முறை பிரித்திருக்கிறேன். முதல் முறை செய்தது முழுத் தப்பு, இரண்டாவது முறை பாதி சரி. மூன்றாவது முறை உட்கார்ந்து செதுக்கிய சீட்டில்தான் இப்போது ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓட்டுகிறேன், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நடுவில் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். சீட் வலிக்குப் பயந்து நீண்ட பயணத்தையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வலி தீரக்கூடியது.

முதல் முறை என்ன செய்தேன் என்றால், இரண்டு அங்குல மெத்தென்ற ஸ்பாஞ்ச் வாங்கி, பழைய ஃபோமின் மேலேயே ஒட்டி, மேலே புது ரெக்சின் போட்டேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தால் சோஃபா மாதிரி இருந்தது. முதல் அரை மணி நேரமும் அப்படித்தான். இரண்டாவது மணி நேரத்தில் பழைய சீட்டைவிட மோசமாக வலித்தது. மூன்றாவது மணி நேரத்தில் முன்பக்கம் மரத்துப்போனது.

காரணம் நம் உடம்பிலேயே இருக்கிறது. பிட்டத்துக்கு அடியில் இரண்டு எலும்பு முனைகள் உண்டு. கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை அடியில் வைத்து, முன்னும் பின்னும் லேசாக ஆடிப் பாருங்கள், நன்றாகத் தட்டுப்படும். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். ஸ்பாஞ்ச் ரொம்ப மென்மையாக இருந்தால் அந்த இரண்டு முனைகளும் அதை அழுத்திக்கொண்டு அடித்தகடு வரைக்கும் இறங்கிவிடும். இறங்கியதும் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் மேலே எழும்பி, எடை தாங்கக் கூடாத மெல்லிய சதையை அழுத்தும். அங்கே ரத்த ஓட்டம் குறையும், நரம்பு நசுங்கும், மரத்துப்போகும். ஆகவே எலும்பு முனைகளுக்கு அடியில் உறுதியாகவும் அகலமாகவும் தாங்கிப் பிடித்து, மற்ற இடங்களை அழுத்தாமல் விடும் சீட்தான் நல்ல சீட். கீழே சொல்லும் எல்லா வேலையும் இதற்காகத்தான்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் எங்கே வலிக்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் வலிக்கிறது என்று எழுதி வையுங்கள். நான் பயணத்தில் நிற்கும்போதெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். மூன்று பயணங்களுக்குள் ஒரு படமே கிடைத்துவிட்டது. இரண்டு எலும்பு முனைகளிலும் புள்ளி வைத்ததுபோல் வலித்தால் ஃபோம் அடிவரை அமுங்குகிறது, அல்லது சீட் அகலம் போதவில்லை. முன்பக்கம் மரத்துப்போனால் சீட் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது, நீங்கள் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். வால் எலும்பு வலித்தால் ஒன்று சீட்டின் நடுவில் குழி விழுந்திருக்கும், அல்லது நீங்கள் முதுகை வளைத்துப் பின்னால் சரிந்து உட்கார்கிறீர்கள். தொடையின் உட்பக்கம் கோடு போட்டதுபோல் வலித்தால் சீட்டின் ஓரம் கூராக இருக்கிறது. எரிச்சலும் தடிப்பும் வந்தால் அது ஃபோமின் குற்றமே இல்லை. வெப்பம், வியர்வை, உடையின் தையல் இவைதான் காரணம், அதற்காக சீட்டைப் பிரிக்காதீர்கள். இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் மரத்தது தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உங்கள் அளவு. என் தம்பியும் நானும் ஒரே மாடல் பைக் ஓட்டுகிறோம். அவன் கம்பெனி சீட்டில் நாள் முழுக்க ஓட்டுவான், எனக்கு ஒன்றரை மணி நேரம் தாங்காது. எனக்குத்தான் தாங்கும் சக்தி குறைவு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நெளி அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒரு துண்டை மரப்படியில் போட்டு, அதன் மேல் முழங்கால்களைக் கொஞ்சம் தூக்கி வைத்து, ஒரு நிமிடம் நன்றாக அழுந்த உட்கார்ந்து எழுந்தேன். அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது இரண்டு சின்னக் குழிகள் தெரிந்தன. விரலால் தடவினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. குழிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, ஒரு நடுவிலிருந்து இன்னொரு நடுவுக்கு அளந்தேன்: 13 சென்டிமீட்டர். தம்பியை உட்கார வைத்து அளந்தால் 11. பெண்களுக்கு இந்த இடைவெளி சராசரியாகக் கொஞ்சம் அதிகம். என் எலும்புகள் இரண்டும் அந்த சீட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி, ஓரம் சரியும் இடத்தில் உட்கார்ந்திருந்தன. வலி வராமல் எப்படி இருக்கும்?

இந்த அளவோடு இருபுறமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் அவ்வளவு அகலத்துக்காவது சீட் தட்டையாக இருக்க வேண்டும்.

இனி சரிவு. பைக்கை நேராக நிறுத்தி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் ஏறி உட்காருங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று சீட்டின் கோட்டைப் படம் எடுக்கட்டும். காலி சீட்டைப் பார்த்தால் உண்மை தெரியாது, ஆள் உட்கார்ந்ததும் பின் சஸ்பென்ஷன் இறங்கிக் கோணம் மாறும். உட்காரும் பகுதி கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். முன்னோக்கிச் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நீங்கள் டேங்கில் போய் முட்டி, மறுபடி பின்னால் தள்ளி உட்கார வேண்டும். நாளுக்கு நூறு முறை அப்படிச் செய்தால் தோலும் கெடும், கையும் கடுக்கும்.

செலவே இல்லாத வேலைகளை இங்கேயே முடித்துவிடுங்கள். பின் ஷாக் அப்சார்பரில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதை, திருகி மாற்றும் வசதி பெரும்பாலான பைக்குகளில் உண்டு. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை இறக்கி, ஹெல்மெட் ஜாக்கெட் சகிதம் ஏறி உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சாலையில் ஓட்டும் பைக்குகளுக்கு வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதைவிடக் குறைவாக இறங்கினால் ஒவ்வொரு மேடும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். மிக அதிகமாக இறங்கினால் பள்ளத்தில் தட்டும். டயரில் காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் அதே உதைதான். ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் இடுப்பு வளைந்து எடை வால் எலும்புக்குப் போகும். கிளாம்ப்பைத் தளர்த்தி ஹேண்டிலைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பினாலே உட்காரும் நிலை மாறிவிடும். திருப்பிய பிறகு இருபுறமும் முழுவதும் வளைத்துப் பார்த்து, கேபிள் எதுவும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, சீட்டைப் பிரிக்கலாம்.

முடிந்தால் பழைய சீட் ஒன்று தனியாக வாங்கி அதில் கை வையுங்கள். ஒரிஜினல் சீட் அப்படியே இருந்தால் மனம் பதறாமல் வேலை செய்யலாம். கவிழ்த்துப் போட்டால் அடியில் பிளாஸ்டிக் தகடு, அதன் ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் பின்கள் தெரியும். தட்டையான சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, குறட்டால் பிடுங்குங்கள். ஒவ்வொரு பின்னையும் எண்ணிக்கொண்டே ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்று தப்பி ஃபோமில் மாட்டிக்கொண்டால் என்றைக்காவது குத்தும். ரெக்சினைக் கிழிக்காமல் கழற்றினால் அதையே மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஃபோமைக் கையில் எடுத்ததும் முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தையல் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பல மாதங்களாக உள்ளேயே ஊறியிருக்கும் சீட்டுகள் நிறைய உண்டு. வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் காய விடுங்கள். அப்புறம் தகட்டோடு தரையில் வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி எடையைப் போடுங்கள். அடித்தகடு முழங்காலில் தட்டினால் அந்த ஃபோம் முடிந்துவிட்டது. விரலால் கிள்ளினால் மாவாக உதிர்ந்தாலும் அப்படியே. தட்டாமல் எதிர்த்துத் தள்ளினால் ஃபோம் நல்ல ஃபோம்தான், வடிவத்தை மாற்றினால் போதும்.

என் இரண்டாவது முயற்சி கெட்டதும் வடிவத்தால்தான். சீட் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். நல்ல கனமான ஃபோம் போட்டார், தையலும் அழகு. ஆனால் நடுவில் மேடாக, ஆமை ஓடு மாதிரி செய்துவிட்டார். பார்க்க நிறைவாக இருந்தது. உட்கார்ந்தால் எலும்பு முனைகள் இரண்டும் சரிவில், எடை முழுக்க நடுமேட்டில். என்ன வடிவம் வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தாலும், உங்கள் அட்டையையும் அளவையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபோம் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அது அதிகமாக இருந்தால் ஃபோம் நீண்ட காலம் குழி விழாமல் உழைக்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்பது கடினம். ஒரே அடர்த்தியில் மென்மையானதும் கெட்டியானதும் கிடைக்கும். நான் தேர்ந்தெடுத்தது 60 கிலோ அடர்த்தி, விரலால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் ரகம். கடையில் கைவிரலுக்குக் கல் மாதிரி தோன்றிய அதே ஃபோம், முழு உடம்பின் எடை ஏறியதும் அளவாக அமுங்கியது. விரலை நம்பாதீர்கள், துண்டைத் தரையில் போட்டு மேலே உட்கார்ந்து பாருங்கள்.

மெமரி ஃபோம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி நம் வடிவத்துக்கு வந்துவிடும். பைக்கில் அதுவே சிக்கலும் ஆகிறது. தடிமனாகப் போட்டால் மெல்ல மெல்ல அமுங்கி, அமுங்கிய இடத்திலேயே தங்கிவிடும். குளிர்ந்த காலையில் பலகை மாதிரி இறுகியும் இருக்கும். உறுதியான ஃபோமின் மேல் ஒரு சென்டிமீட்டர் போட்டால் நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் வேண்டாம். ஜெல் பேட் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும், ஆனால் வெயிலில் நின்ற பைக்கில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் விடாது. வைப்பதானால் ரெக்சினுக்கு நேர் கீழே வைக்காமல் மெல்லிய ஃபோம் ஒன்றுக்கு அடியில் புதையுங்கள்.

இனி செதுக்குவது. எலும்பு முனைகள் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஃபோமின் மேல் சாக்பொடி தூவி, கருப்பு பேண்ட் போட்டு ஏறி உட்கார்ந்து இறங்கினேன். பேண்ட்டில் இரண்டு வெள்ளை வட்டங்கள், ஃபோமில் அதே இடத்தில் பொடி அப்பிய இரண்டு தழும்புகள். அவற்றை மார்க்கரால் வட்டமிட்டு, அந்தப் பகுதியைச் சுற்றி அகலமாக ஒரு பெட்டி வரைந்தேன். அந்தப் பெட்டிக்குள் பழைய ஃபோமை 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, புது ஃபோமை அதே அளவில் பொருத்தினேன். சீட் உயரம் ஏறவில்லை, பெரிதும் அமுங்கவும் இல்லை. மேலே ஒட்டி உயர்த்தினால் தரையில் கால் எட்டுவது குறையும். சிக்னலில் பாதம் ஊன்ற முடியாத பைக் ஆபத்தானது, இதை மறந்துவிடாதீர்கள். உயரமானவர்களுக்கு முழங்கால் ரொம்ப மடங்குகிறது என்றால் மட்டும் 2 சென்டிமீட்டர் ஏற்றலாம். அது அவர்களுக்கு முழங்கால் வலியையும் சேர்த்துக் குறைக்கும்.

வெட்டுவதற்கு நீளமான, ரொட்டி அறுக்கும் பல் கத்தி நன்றாக வேலை செய்கிறது. ஹேக்சா பிளேடைக் கையில் துணி சுற்றிப் பிடித்தும் அறுக்கலாம். அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும், அழுத்தினால் ஃபோம் வளைந்து வெட்டு கோணலாகும். வழவழப்பாக்க 40-ஆம் எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். கிரைண்டர் வைத்திருப்பவர்கள் அதில் உப்புத்தாள் வட்டு மாட்டினால் வேகமாக முடியும், ஆனால் ஒரு நொடி கவனம் சிதறினால் குழி விழும், மூன்றாவது முறை நான் கையாலேயே தேய்த்தேன். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. ஃபோமும் பசையும் சட்டென்று பற்றிக்கொள்ளும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுக்கென்று இருக்கும் வரை காத்திருந்து அழுத்துங்கள். அள்ளிப் பூசினால் காய்ந்ததும் கெட்டியான கோடாகிவிடும், அந்தக் கோடு எலும்புக்கு நேரே வந்தால் உணரலாம். அதனால் ஒட்டும் விளிம்புகள் எலும்பு முனைகளிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

முன்பகுதியில், தொடைகள் சீட்டை அணைக்கும் இடத்தில், ஓரங்களைத் தாராளமாகத் தேய்த்து உருட்டுங்கள். அங்கே குறுக்கினால் கால் நேராகத் தரைக்குப் போகும், அகலம் வேண்டியது பின்னால்தான். வால் எலும்புக்கு நேரே ஒரு விரல் ஆழத்தில் வாய்க்கால் மாதிரி தேய்த்துவிட்டேன். முன் சரிவைச் சரிசெய்ய, முன்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு ஒட்டினேன், தடித்த முனையில் 15 மில்லிமீட்டர்.

இதற்கப்புறம் உடனே ரெக்சினைப் போட்டுவிடாதீர்கள். என் வேலையில் அதிகப் பலன் கொடுத்த நாட்கள் இவைதான். செதுக்கிய ஃபோமைத் தகட்டில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் பழைய போர்வைத் துணியை இழுத்து அடியில் இறுகக் கட்டினேன். துணி முனை எதுவும் செயினிலோ சக்கரத்திலோ படாதபடி உள்ளே சொருகிவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன். இடது பக்கம் வலது பக்கத்தைவிட உயரமாகத் தோன்றியது. பிரித்து 4 மில்லிமீட்டர் தேய்த்தேன். மறுநாள் ஒன்றரை மணி நேரம். தொடையில் இன்னும் ஓரம் பட்டது, அங்கே தேய்த்தேன். இப்படி ஐந்து நாள். எடுத்ததைத் திரும்ப ஒட்டுவது கஷ்டம், ஆகவே ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். பத்து நிமிட ஓட்டம் எதையும் சொல்லாது, வலி ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் முகத்தைக் காட்டும்.

ரெக்சின் போடும்போது, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்துக்கொண்டால் தண்ணீர் ஃபோமுக்குப் போகாது. நான்கு பக்கமும் இழுபடும் ரெக்சின் வாங்குங்கள், வளைவுகளில் சுருக்கம் விழாது. தலைமுடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடாக்கி இழுத்தால் இன்னும் படியும். முதலில் முன் மூக்கில் நாலு பின், பிறகு இழுத்துப் பின்னால் நாலு பின், அப்புறம் பக்கங்கள், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் துணி கோணிக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் பின் போதும், நீளமானது தகட்டைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் பின்னாக இருக்கட்டும். ரொம்ப இறுக்கி இழுத்தீர்கள் என்றால் நல்ல ஃபோம்கூட முரசுத் தோல் மாதிரி ஆகிவிடும், சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். உட்காரும் இடத்தில் தையலே வராதபடி துணியை வெட்டச் சொல்லுங்கள்.

கத்தி எடுக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு காற்றுத் தலையணை நல்ல வழி. எல்லோரும் அதை முழுக்க ஊதிவிட்டு, பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் ஆடுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஊதி, மேலே உட்கார்ந்து, பைக்கில் இருந்தபடியே வால்வைத் திறந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எலும்பு சீட்டைத் தொடுவதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் மூடுங்கள். மலை ஏறினால் காற்றழுத்தம் குறைந்து தலையணை உப்பும், அங்கே மறுபடி சரிசெய்ய வேண்டும். வெப்பம்தான் தொல்லை என்றால் வலைத்துணி உறையோ மரமணி விரிப்போ போதும். 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சான்றிதழ் தரும் அயர்ன் பட் அசோசியேஷனின் ஓட்டுநர்களிடையே மரமணி விரிப்பு பழக்கமான பொருள். மணிகளுக்கு இடையில் காற்று போய்வருகிறது, உடையும் ஒட்டாது.

உடை பற்றிச் சுருக்கமாக: தடித்த உள்தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைக்கும் பருத்தி உள்ளாடையும் வேண்டாம். தையல் இல்லாத, சீக்கிரம் உலரும் உள்ளாடை போதும். சைக்கிள் ஓட்டுபவர்களின் பேட் வைத்த ஷார்ட்ஸ் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அந்தத் தடிமன் தொடை இடுக்கில் உறுத்தியது.

எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் ஒரே இடத்தில் அசையாமல் உட்காராதீர்கள். கால்மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு அங்குலம் முன்னாலோ பின்னாலோ நகருங்கள். வேகத்தடை வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் எடையைப் போட்டு லேசாக எழுந்துகொள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். வலி வந்த பிறகு நிறுத்துவதைவிட, வருவதற்கு முன் நிறுத்தினால் அந்த நாளே வேறு மாதிரி இருக்கும்.

புது ஃபோம் முதல் 500 கிலோமீட்டர் வரை கொஞ்சம் கெட்டியாகத்தான் தெரியும், அதற்குள் அவசரப்பட்டு மறுபடி பிரிக்க வேண்டாம். வெட்டி எடுத்த துண்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், என்றைக்காவது ஓர் இடம் பள்ளமாகத் தோன்றினால் உதவும். சீட் தகட்டின் அடியில் அழியாத மார்க்கரால் 13 செ.மீ., ஆப்பு 15 மி.மீ., 60 கிலோ ஃபோம், ஒட்டிய தேதி எல்லாம் எழுதிவிட்டேன். இந்த ஃபோமும் ஒருநாள் அமுங்கும். அன்றைக்குப் பின்களைப் பிடுங்கிப் பிரிப்பவர் நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், அங்கிருந்தே தொடங்கலாம்.